எண்ணெய் எங்கேருந்து ஒழுகுது? ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு துப்பறியும் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு சின்னக் கேள்வியைப் பத்தினது. தரையில எண்ணெய் கிடக்கு. அது எங்கேருந்து வந்தது?

உங்க வண்டியில எஞ்சின் ஆயில் ஒழுகியிருந்தா இந்தக் கேள்வி எவ்வளவு எரிச்சலானதுன்னு தெரியும். காலையில ஸ்டாண்டைத் தள்ளினா கீழே ஒரு கறுப்பு வட்டம். குனிஞ்சு பார்த்தா ட்ரெயின் போல்ட் நனைஞ்சிருக்கு. சரி, வாஷர்தான் போச்சுன்னு மாத்துவீங்க. ரெண்டு நாள் கழிச்சு அதே வட்டம். ஏன்னா ஒழுகுறது மேலே, ஹெட் கவர் கேஸ்கெட்ல. அங்கேருந்து எண்ணெய் எஞ்சின் உடம்பு மேலயே வழிஞ்சு, காத்துல பின்னாடி தள்ளப்பட்டு, கடைசியா எந்த இடம் தாழ்வா இருக்கோ அங்க வந்து சொட்டுது.

கல்மண்டபம் பக்கம் ஒரு நல்ல மெக்கானிக்கிட்ட வண்டியை விட்டா அவர் முதல்ல ஸ்பேனரைத் தொட மாட்டார். தொட்டுப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். இது எஞ்சின் ஆயிலா, ஃபோர்க் ஆயிலா, பிரேக் ஆயிலா? அப்புறம் எஞ்சினை சுத்தமா கழுவி, துணியால துடைச்சு, சந்தேகம் இருக்கிற இடத்துல முகத்துக்குப் போடுற பவுடரைத் தூவி, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட விடுவார். பவுடர் எந்த இடத்துல முதல்ல கறுக்குதோ, அதுதான் மூலம். அவர் முறையில மூணு விஷயம் இருக்கு. என்ன எண்ணெய்னு முதல்ல கண்டுபிடிக்கணும். தெரியுற இடத்தை நம்பாம மேல் நோக்கித் தேடணும். துடைச்சுட்டுப் பார்க்கணும்.

இந்த மூணையும் கையில வெச்சுக்கோங்க. ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் இருக்கிற கரையில, மண்ணுக்கு அடியில, கடல்ல, ஆத்துல எண்ணெய் வந்தப்ப எல்லாம் இதே கேள்வியைத்தான் கேட்டாங்க. பதில் வர்றதுக்கு ஆன நேரத்துல சிலர் பிழைப்பே போச்சு.

எண்ணெய் இங்க எப்படி வந்தது

வடசென்னையும் எண்ணெயும் சேர்ந்த கதையில ரொம்பப் பிரபலமான ராத்திரி 1914 செப்டம்பர் 22. முதல் உலகப் போர் ஆரம்பிச்சு ரெண்டு மாசம்கூட ஆகலை. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில வந்த எம்டன்ங்கிற ஜெர்மன் போர்க்கப்பல் மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே நின்னு நூத்துக்கும் மேல குண்டு போட்டுது. முக்கியக் குறி எது தெரியுமா? கோட்டை இல்லை, கோர்ட் இல்லை. பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய்த் தொட்டிகள். தொட்டிகள் பத்தி எரிஞ்ச வெளிச்சம் கடல்ல ரொம்ப தூரத்துக்குத் தெரிஞ்சுது. சாமர்த்தியமா காரியம் முடிக்கிற ஆளை நம்ம ஊர்ல இன்னைக்கும் ‘சரியான எம்டன்டா’ன்னு சொல்றோமே, அந்த வார்த்தை அந்த ராத்திரியில வந்தது.

எல்லாரும் கப்பலைத்தான் ஞாபகம் வெச்சிருக்காங்க. எனக்கு அந்தத் தொட்டிதான் முக்கியமா படுது. நூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கரை எண்ணெய் இறக்குற, சேமிக்கிற இடமா ஆகியிருந்தது. ரயில் ஏற்கெனவே இருந்தது. ராயபுரம் ஸ்டேஷன்ல இருந்து 1856-லயே தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பிடுச்சு. வடக்கே எண்ணூர் வரைக்கும் 1806-ல வெட்டின கால்வாயும் இருந்தது. பின்னாடி பஞ்ச காலத்துல நீட்டி, பக்கிங்ஹாம் கால்வாய்னு பேர் வெச்சாங்களே, அதேதான். இந்தக் கால்வாயை மறந்துடாதீங்க, கதையில திரும்ப வரும்.

1965-ல மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் தொடங்குறாங்க. இந்திய அரசு, அமெரிக்காவோட அமோகோ, ஈரானோட தேசிய எண்ணெய் நிறுவனம், மூணு பேரும் கூட்டு. 1969-ல மணலியில சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பிக்குது. அப்போ வருஷத்துக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெய், இன்னைக்கு ஒரு கோடியே 5 லட்சம் டன். பேரும் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்னு மாறிடுச்சு, சுருக்கமா சிபிசிஎல். கப்பல்ல வர்ற கச்சா எண்ணெய் துறைமுகத்துல இறங்கி, குழாய் வழியா ஜனங்க குடியிருக்கிற தெருக்களைத் தாண்டி மணலிக்குப் போகுது. தண்டையார்பேட்டையில எண்ணெய் கம்பெனிகளோட சேமிப்புக் கிடங்குகள், அதுக்குத் துறைமுகத்துல இருந்து தனிக் குழாய்கள். 2001-ல எண்ணூர்ல இன்னொரு துறைமுகம் வந்தது. இப்போ அதுக்குப் பேர் காமராஜர் துறைமுகம்.

ஆக, ஒரே கரையில ரெண்டு துறைமுகம், பெரிய ஆலை, கிடங்குகள், குழாய்கள், கப்பல்கள், ஒரு கால்வாய், ஒரு ஆறு. இங்க எண்ணெய் ஒழுகினா சந்தேகப்பட ஒரு ஆள் இல்லை, பத்து ஆள் இருக்காங்க. யாரைக் கேட்டாலும் பக்கத்து ஆளைக் கைகாட்ட முடியும்.

கிணத்துக்குள்ள எண்ணெய்: தண்டையார்பேட்டை, 2013

2013 ஜூலை. தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை பக்கத்துத் தெருக்கள். அடிபம்புல, போர்வெல்ல எண்ணெய் வாடையோட தண்ணி வருது. கல்மண்டபத்துல இருந்து ரொம்ப தூரம் இல்லை, அடுத்த பேட்டைதான்.

மண்ணுக்குள்ள ஒழுகுற எண்ணெய் எப்படி நடந்துக்கும்னு யோசிங்க. இது கடலோரம். மணல் நிலம், சில அடி தோண்டினாலே தண்ணி. குழாய்ல இருந்து கசியுற எண்ணெய் மணல் வழியா இறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டதும் மேல மிதக்க ஆரம்பிக்குது. அப்புறம் தண்ணி எந்தப் பக்கம் நகருதோ அந்தப் பக்கம் மெதுவா போகுது. கசிஞ்ச இடத்துல நிக்கிற வீட்டுக்காரருக்கு ஒண்ணும் தெரியாம இருக்கலாம். நாலு தெரு தள்ளி இருக்கிறவர் கிணத்துல வாளி விட்டா எண்ணெய் வரலாம். ட்ரெயின் போல்ட் கதைதான், ஆனா இங்க எஞ்சினைத் திறந்து பார்க்க முடியாது. மேல ரோடும் வீடும் இருக்கு.

இந்த மாதிரி இடத்துல முதல் படி, என்ன எண்ணெய்னு பார்க்கிறது. பெட்ரோலா, டீசலா, மண்ணெண்ணெயா? ஒவ்வொரு குழாய்லயும் எது ஓடுதுன்னு கம்பெனிக்குத் தெரியும், அதனால பாதி சந்தேகம் இங்கேயே கழியும். அடுத்தது குழாயைப் பகுதி பகுதியா அடைச்சு, அழுத்தம் ஏத்தி, எங்க குறையுதுன்னு பார்க்கிறது. தண்டையார்பேட்டையில தேடல் பாரத் பெட்ரோலியத்தோட பழைய குழாய்ல போய் நின்னுது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போச்சு. குழாயை நிறுத்த ஒரு வால்வை மூடினா போதும். மண்ணுக்குள்ள இறங்கின எண்ணெயை எடுக்குறது வருஷக்கணக்கான வேலை. கிணறு வெட்டி, மேல மிதக்குறதை உறிஞ்சி, திரும்பப் பரிசோதிச்சு, திரும்ப உறிஞ்சணும். அது முடியுற வரைக்கும் அந்தத் தெருக்காரங்க சொந்தக் கிணத்தை வெச்சுக்கிட்டு குடத்தோட லாரித் தண்ணிக்குக் காத்திருக்கணும்.

ரெண்டு கப்பல்: 2017

2017 ஜனவரி 28, அதிகாலை. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்குது. வெளியே போறது பி.டபிள்யூ. மேப்பிள், எரிவாயுவை இறக்கிட்டுக் கிளம்பின கப்பல். உள்ளே வர்றது டான் காஞ்சிபுரம், பெட்ரோலியப் பொருள் ஏத்தி வந்த கப்பல். சேதி வந்ததும் எல்லாரும் கேட்டது, சரக்கு கொட்டிச்சா? கொட்டலை. எண்ணெய் மாசு எதுவும் இல்லைன்னு துறைமுகத் தரப்புல இருந்து முதல் நாள் அறிக்கையும் வந்தது.

ஆனா எர்ணாவூர் கரையில கறுப்பா, கூழ் மாதிரி ஒண்ணு ஒதுங்க ஆரம்பிச்சுது. அது எங்கேருந்து?

கப்பலுக்கும் எஞ்சின் இருக்கு, எஞ்சினுக்கு எரிபொருள் வேணும். பெரிய கப்பல்கள் எரிக்கிறது ஃபர்னஸ் ஆயில். கச்சா எண்ணெயில பெட்ரோல், டீசல் எல்லாம் பிரிச்சதுக்கு அப்புறம் அடியில நிக்கிற கெட்டியான எண்ணெய். டான் காஞ்சிபுரத்துல கொட்டினது ஏத்தி வந்த சரக்கு இல்லை, கப்பல் தன் சொந்த எஞ்சினுக்கு வெச்சிருந்த எரிபொருள். சரக்குத் தொட்டியை மட்டும் பார்த்துட்டு ஒழுகலைன்னு சொன்னா எப்படி இருக்கும்? பெட்ரோல் டேங்க் நல்லா இருக்கு, அதனால வண்டியில லீக் இல்லைன்னு சொல்ற மாதிரி இருக்கும்.

அளவுலயும் இதே கதை. முதல்ல 20 டன் அளவுலதான் இருக்கும்னு சொன்னாங்க. கரையில அள்ள அள்ள அது பொய்யாச்சு. கடைசியில வந்த அதிகாரபூர்வ மதிப்பீடு 200 டன்னை ஒட்டி, கிட்டத்தட்ட பத்து மடங்கு. ஃபர்னஸ் ஆயில் அலையில அடிபட்டா கடல் தண்ணியைத் தனக்குள்ள இழுத்துக்கிட்டுக் கெட்டியான கூழாயிடும், பல மடங்கு பெருகும். எண்ணெய் உறிஞ்சுற இயந்திரங்கள் அந்தக் கூழுல அடைச்சு நின்னுது. உலகமே டிவியில பார்த்த அந்தக் காட்சி அதனாலதான் வந்தது. மீனவர்களும், காலேஜ் பசங்களும், தொழிலாளர்களும் பாறை மேல வரிசையா நின்னு வாளி வாளியா கை மாத்தினாங்க. கேலி பண்ணினவங்க நிறைய பேர். அந்த நேரத்துல அந்தப் பாறை இடுக்குல வேலை செஞ்சது வாளிதான்.

கடலாமைகள் முட்டை போட வர்ற பருவம் அது. எண்ணெய் பூசின ஆமைகள் செத்து ஒதுங்கின. காசிமேட்டுல மீன் வாங்க ஆள் இல்லை. கரையை விட்டு வெகுதூரம் போய்ப் பிடிச்ச மீனைக்கூட மக்கள் வாங்கப் பயந்தாங்க.

எண்ணெய்க்கும் கைரேகை உண்டு

கடல்ல மிதக்குற எண்ணெயை யாரோடதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? இங்க பவுடர் தூவ முடியாது. இதுக்குன்னு ஒரு வேதியியல் முறை இருக்கு.

கச்சா எண்ணெய்ங்கிறது கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னாடி செத்துப் புதைஞ்ச பாசியும் நுண்ணுயிர்களும் மாறின திரவம். அந்த உயிர்களோட செல் சவ்வுல இருந்த சில மூலக்கூறுகள் எண்ணெயில அப்படியே தங்கிடும். ஹோப்பேன், ஸ்டெரேன்னு பேர். எந்தப் பாறையில, எந்த உயிர்ல இருந்து உருவாச்சுங்கிறதைப் பொறுத்து இதுங்களோட விகிதம் மாறும். கேஸ் குரோமட்டோகிராபின்னு ஒரு கருவியில விட்டா எண்ணெயோட கூறுகள் தனித்தனியா பிரிஞ்சு ஒரு வரைபடம் கிடைக்கும். ஒழுகினது ஒரு படம், சந்தேகப்பட்ட தொட்டியில எடுத்தது இன்னொரு படம். ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. வெயில்லயும் அலையிலயும் லேசான கூறுகள் சில நாள்லயே ஆவியா போயிடும். ஹோப்பேன் மாதிரி பிடிவாதமான ஆளுங்க நிப்பாங்க. அதனால ஒப்பிடுறதுக்கு அவங்களைத்தான் நம்பணும்.

இந்த முறை எவ்வளவு தூரம் போகும்னு காட்ட அலாஸ்கா கதை ஒண்ணு. 1989 மார்ச் 24, எக்ஸான் வால்டிஸ் கப்பல் பாறையில மோதி, சுமார் 37,000 டன் கச்சா எண்ணெய் பிரின்ஸ் வில்லியம் சவுண்ட் வளைகுடாவுல கொட்டுது. விஞ்ஞானிகள் கரை கரையா போய் மாதிரி எடுத்தாங்க. அதுல சில தார் உருண்டைகள் கப்பல் எண்ணெயோட பொருந்தவே இல்லை. கைரேகை பார்த்தா அது கலிஃபோர்னியா எண்ணெய்! அலாஸ்காவுக்கு அது எப்படி வந்தது? தேடிப் போனா 1964-க்குப் போச்சு. அந்த வருஷம் அங்க பெரிய நிலநடுக்கம். வால்டிஸ் ஊர்ல இருந்த பழைய தொட்டிகள் உடைஞ்சு, கலிஃபோர்னியாவுல இருந்து வந்த எண்ணெயும் தாரும் கடல்ல கொட்டிடுச்சு. 25 வருஷம் கழிச்சு, வேற ஒரு விபத்தைத் துப்பு துலக்கப் போனப்ப அந்தப் பழைய கசிவு மாட்டிக்கிச்சு.

ஆனா இதுக்கு ஒரு நிபந்தனை இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேணும். கப்பல்களுக்கு இந்த ஏற்பாடு சட்டத்துலயே இருக்கு. எரிபொருள் நிரப்புறப்ப ஒரு பாட்டில் மாதிரி எடுத்து, சீல் வெச்சு, குறைஞ்சது 12 மாசம் வெச்சிருக்கணும்னு சர்வதேச கடல் மாசு ஒப்பந்தம் சொல்லுது. அது காத்து மாசுக்காக, எரிபொருள்ல கந்தகம் எவ்வளவுன்னு பார்க்கப் போட்ட விதி. கசிவு நடந்தாலும் அந்த பாட்டில் உதவும்.

மிக்ஜாம் புயலும் கால்வாயும்: 2023

இப்போ பக்கிங்ஹாம் கால்வாய்க்குத் திரும்புவோம்.

2023 டிசம்பர் 3, 4. மிக்ஜாம் புயல். சென்னை முழுக்க வெள்ளம், உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம வீட்டுக்குள்ள வந்தது தண்ணி. எர்ணாவூர் பக்கம் வீட்டுக்குள்ள வந்தது எண்ணெய் கலந்த தண்ணி. வெள்ளம் வடிஞ்சப்ப சுவர்ல ஒரு கறுப்புக் கோடு நின்னுது. பாய், துணி, பாத்திரம் எல்லாத்துலயும் பிசுக்கு. காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், எண்ணூர் குப்பம், முகத்துவாரக்குப்பம்னு கொசஸ்தலை ஆத்தோரக் குப்பங்கள்ல படகு, வலை, நண்டுப் பொறி எல்லாம் கறுப்பு. கழிமுகத்துல எண்ணெய் பூசின கூழைக்கடாக்கள் பறக்க முடியாம உட்கார்ந்திருந்த படங்களை நீங்க பார்த்திருப்பீங்க. முகத்துவாரத்துல இருந்து காசிமேடு வரைக்கும் சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்புக்குக் கடல்ல எண்ணெய் பரவியிருக்குன்னு கடலோரக் காவல்படை கணக்கு சொன்னது.

முதல்ல வந்த பதில் என்ன? எங்க குழாய்ல கசிவு எதுவும் இல்லைன்னு சிபிசிஎல் சொன்னது.

இங்க மெக்கானிக்கோட ரெண்டாவது விதி வேலை செஞ்சது. எண்ணெய் தெரியுற இடம் முகத்துவாரம். மேல் நோக்கி நடந்தா ஆறு, ஆத்துல இருந்து கால்வாய், கால்வாய்ல இருந்து மணலி. மீனவர்கள் இந்தப் பாதையை முதல் நாள்லயே சொல்லிட்டாங்க. எந்தத் தண்ணி எந்த வழியா வரும்னு அவங்களுக்குத் தெரியாதா? தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு தானாவே வழக்கை எடுத்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அறிக்கையும் இதே பாதையைத்தான் காட்டுச்சு. சிபிசிஎல் வளாகத்துல மழைநீர் மேலாண்மை போதுமான அளவுக்கு இல்லை, அதனால எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் அங்கேருந்து கொசஸ்தலைக்கும் போச்சுன்னு அது சொன்னது.

கவனிச்சீங்களா? ‘எங்க குழாய்ல கசிவு இல்லை’, ‘எங்க வளாகத்துல இருந்து எண்ணெய் போகலை’. ரெண்டும் ஒண்ணு இல்லை. குழாய் ஓட்டையாகாமலேயே வளாகத்துக்குள்ள தேங்கியிருந்த எண்ணெயை வெள்ளம் அடிச்சுட்டுப் போக முடியும். 2017-ல சரக்கைப் பத்தின கேள்விக்கு வந்த பதில் கப்பல் முழுக்கப் பொருந்துற மாதிரி பேசப்பட்டது. 2023-ல குழாயைப் பத்தின பதில் ஆலை முழுக்கப் பொருந்துற மாதிரி பேசப்பட்டது. அடுத்த முறை ‘கசிவு இல்லை’ன்னு ஒரு அறிக்கை படிச்சா, எதுல கசிவு இல்லைன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.

துடைச்சா ஆதாரம் போகும், துடைக்கலைன்னா பிழைப்பு போகும்

மெக்கானிக்கோட மூணாவது விதி இந்தக் கரையில சிக்கலாகுது. எஞ்சினைத் துடைச்சுட்டு இன்னொரு தடவை ஓட விடலாம். ஆத்தைத் துடைச்சுட்டு இன்னொரு வெள்ளத்துக்குக் காத்திருக்க முடியாது. சுத்தம் பண்ண ஆரம்பிச்சா ஆதாரம் அழியும். ஆதாரத்துக்காகக் காத்திருந்தா எண்ணெய் அலையாத்திக் காட்டு வேர் வரைக்கும் இறங்கும். இதுக்கு ஒரே வழி, முதல் மணி நேரத்துலயே பல இடத்துல மாதிரி எடுத்து, சீல் வெச்சுட்டு, உடனே அள்ள ஆரம்பிக்கிறது.

ஏன் இவ்வளவு பதற்றம்? மூலம் தெரிஞ்சாதான் யார் காசு கொடுக்கணும்னு தெரியும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்ங்கிற கொள்கையை உச்ச நீதிமன்றம் நம்ம ஊர் வழக்குலதான் உறுதியா நிலைநாட்டுச்சு. 1996-ல வந்த வேலூர் மக்கள் நல மன்றம் வழக்கு, தோல் பதனிடும் ஆலைகளைப் பத்தினது. தீர்ப்பு இருக்கு, கொள்கை இருக்கு. ஆனா மாசுபடுத்தினது யாருன்னு முடிவாகாத வரைக்கும் அந்தக் கொள்கை காகிதத்துல தூங்கும்.

2023-ல தமிழ்நாடு அரசு அறிவிச்ச நிவாரணத்தைப் பாருங்க. 2,301 மீனவக் குடும்பங்களுக்கு தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்கு தலா 7,500, 787 படகுகளுக்கு தலா 10,000. மொத்தம் சுமார் 8 கோடியே 68 லட்சம். அவசரத்துக்கு உதவின பணம்தான். ஆனா எண்ணெயில ஊறின ஒரு செட் வலையை மாத்த எவ்வளவு ஆகும்னு காசிமேட்டுல யாரை வேணா கேட்டுப் பாருங்க. படகே இல்லாம, ஆத்துல இடுப்பளவு தண்ணியில இறங்கி கையால இறால் பிடிக்கிறவங்களுக்கு இழப்பை எந்தக் கணக்குல எழுதறது? கூடையில மீன் வாங்கி தெருத் தெருவா விக்கிற அக்காங்களுக்கு? அவங்க நஷ்டத்துக்குப் படகு நம்பரும் கிடையாது, ரசீதும் கிடையாது. அதே டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர்ல உரத் தொழிற்சாலையோட கடலடிக் குழாய்ல இருந்து அமோனியா கசிஞ்சு, அதே குப்பத்து ஜனங்க மூச்சுத் திணறி நடுராத்திரியில தெருவுக்கு ஓடி வந்தாங்க. எண்ணெய் அள்ளின கை காயறதுக்குள்ள.

என் கருத்தைச் சொல்லி முடிக்கிறேன். கப்பல்ல இருக்கிற அந்த சீல் வெச்ச பாட்டில் கரைக்கும் வேணும். இந்தக் கரையில எண்ணெய் வெச்சிருக்கிற ஒவ்வொரு தொட்டி, ஒவ்வொரு குழாய், மழைநீர் வெளியேறுற ஒவ்வொரு வாய்க்கால், எல்லாத்துலயும் மாதிரி எடுத்து, அதோட கைரேகையை ஒரு பொது ஆய்வகத்துல வெக்கணும். மழைக்காலத்துக்கு முன்னாடி வருஷா வருஷம் புதுப்பிக்கணும். ஒரே எண்ணெயைப் பல பேர் கையாளுறப்ப கைரேகை மட்டும் எல்லாத்தையும் சொல்லிடாதுதான். ஆனா பத்து பேர் சந்தேகத்துல இருக்கிற இடத்துல ஏழு பேரைக் கழிச்சாலே பெரிய விஷயம். இன்னொண்ணு, தண்ணி வர்ற பாதையை முதல் நாளே சொன்ன மீனவர்களோட சாட்சியை முதல் நாளே பதிவு பண்ணணும். பத்தாவது நாள் கமிட்டி வந்து அதையே கண்டுபிடிக்கிறதுக்கு நடுவுல, ஒன்பது நாள் எண்ணெய் ஆத்துலதான் கிடக்கு.

அடுத்த எபிசோட்ல கொசஸ்தலை ஆத்தோட கதை. ஆந்திராவுல இருந்து பூண்டி வழியா எண்ணூர் வரைக்கும் அது என்னென்ன தாண்டி வருதுன்னு பார்ப்போம். உங்க தெருவுல பழைய எண்ணெய்க் குழாய் பத்தி வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லியிருந்தா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க.